ஓதம்

சென்ற வருஷம் பொங்கல் கழிந்த சமயம், பத்திரிகாசிரியரான நண்பர் ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டு, "தொடர்கதைக்கு இந்த வாரம் அத்தியாயம் வரவில்லையே, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"சுவர் பூசிக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

அவர் அதை ஏதோ இலக்கியப் பரிபாஷை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "ஆகா! நடக்கட்டும், நடக்கட்டும். அவசரப்படுத்த மாட்டேன்" என்று மிகுந்த மரியாதையோடு சொல்லி வைத்துவிட்டார். உண்மையில் நான் சுவர்தான் பூசிக்கொண்டிருந்தேன். அதையும் சரியாகச் சொல்ல வேண்டுமானால், எழுபது வயதான ஒரு கொத்தனார் பூச, நான் அவருக்குச் சாந்துச் சட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சட்டியை நான் பிடித்த லட்சணத்தைப் பார்த்து அவர் இரண்டு முறை வாய்விட்டுச் சிரித்தார். தொடர்கதை எழுதிச் சம்பாதித்த மரியாதையெல்லாம் அந்த இரண்டு சிரிப்பில் போயிற்று.

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் சாலையில் திருமலைராயன்பட்டினம் என்று ஓர் ஊர் வரும். அங்கே இறங்கிக் கிழக்கே கடலைப் பார்த்து நடந்தால் பட்டினச்சேரி. அது எங்கள் ஊர். கட்டுமரமும் வலையுமாக இருந்து, இப்போது பைபர் படகும் எஞ்சினுமாக இருக்கிற ஊர். அங்கே எங்கள் வீடு ஒன்று இருக்கிறது. தாத்தா சைகோனுக்குப் போய் வேலை பார்த்துத் திரும்பி வந்து, 1954-ல் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் கட்டியது. சின்னச் செங்கல், கிளிஞ்சல் சுண்ணாம்பு, முன்புறம் ஒரு திண்ணை. வாசலில் ஐந்து படி.

ஐந்து படி என்று நான் சொல்வது தாத்தா கட்டிய கணக்கு. இப்போது இருப்பது இரண்டு. மீதி மூன்றும் எங்கே போயின என்று கேட்டால் தெருவைத்தான் காட்ட வேண்டும். மண் தெரு கப்பித் தெருவாயிற்று. கப்பியின் மேல் தார் வந்தது. தாரைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே சிமெண்டுச் சாலை வந்தது. தெரு வளர வளர வீடு குள்ளமாயிற்று. வீட்டுத் தரைக்கும் பூமிக்கும் நடுவே கட்டுகிற அஸ்திவார மேடையைக் கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்பார்கள். இங்கிலீஷில் அந்த வார்த்தைக்கு நிலவறை என்று அர்த்தம் என்று யாரோ எனக்கு ஒருமுறை திருத்தம் சொன்னார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரையில் இரண்டு அர்த்தமும் சரி. மேடையாக இருந்தது இப்போது முக்கால்வாசி நிலத்துக்குள் போய்விட்டது.

காளமேகப் புலவர் திருமலைராயனுடைய சபையில் அவமானப்பட்டு, இந்த ஊரில் மண் மாரி பொழிய வேண்டும் என்று வசை பாடிவிட்டுப் போனார் என்பது கர்ண பரம்பரைக் கதை. புலவர் வாக்கு பொய்க்கவில்லை. அவ்வளவு நூற்றாண்டும் பொறுத்திருந்துவிட்டு, இப்போது சாலைக் கண்டிராக்டுகள் மூலமாகப் பலித்துக்கொண்டிருக்கிறது.

நிலத்துக்குள் போன சுவர் என்ன செய்யும்? குடிக்கும். கடற்கரை மண்ணில் இருப்பது உப்புத் தண்ணீர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் செங்கல்லில் அது ஏறும். காற்றுப் படுகிற இடத்தில் தண்ணீர் மட்டும் போய்விடும், உப்பு தங்கிவிடும். தங்குகிற உப்பு சும்மா இருப்பதில்லை. பூச்சுக்குள்ளே படிகமாக இறுகி, அதைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கறியுப்புக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் அது கசிய ஆரம்பித்துவிடும். எங்கள் ஊரில் காற்று அந்த அளவைத் தாண்டாத ராத்திரி அபூர்வம். ஆகவே மழையே இல்லாத சித்திரையிலும் சுவர் நனைந்திருக்கும். தெற்கே வேதாரண்யத்தில் 1930-ல் ராஜாஜி தொண்டர்களோடு நடந்து போய் ஒரு பிடி உப்பு அள்ளினார். எங்கள் வீட்டில் நடக்கக்கூட வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து சட்டையைத் தட்டினால் போதும்.

இந்த ஈரத்துக்கு எங்கள் பக்கத்தில் 'ஓதம்' என்று பெயர். "சுவத்துல ஓதம் ஏறிட்டுது" என்பார்கள். பழைய நூல்களில் ஓதம் என்றால் கடல், கடலின் அலை. அகராதியைப் புரட்டி இதை நான் கண்டுபிடித்தபோது பெரிய பண்டிதன் போல அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "இதுக்கு எதுக்குடா புஸ்தகம்? கடல்தானே ஏறுது" என்றாள் அம்மா.

கடல் ஒருநாள் அப்படிக் கசிந்து ஏறாமல் நேரடியாகவே வந்தது. 2004 டிசம்பர் 26. அப்பா அன்று காலை கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வீடு நின்றது. சுவர் நெடுகிலும் ஓர் ஆள் மார்பளவில், மட்டம் பிடித்து இழுத்தாற்போல, ஒரு கறுப்புக் கோடும் நின்றது.

சேற்றைக் கழுவிவிட்டோம். கோடு போகவில்லை. வெள்ளையடித்தோம், வெள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அம்மா அதன் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு நாவல் போட்டியில் கிடைத்த பரிசுப் பணம் கையில் இருந்தது. ஊரில் பலருக்குக் கரையிலிருந்து தள்ளிச் சுனாமிக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் இந்தச் சுவரையாவது மறைத்துவிடுவோம் என்று, 2005 பங்குனியில் உள்ளும் புறமும் இடுப்புக்கு மேல்வரை சிமெண்டுப் பூச்சுப் போட ஏற்பாடு செய்தேன். ஒப்பந்தம் எடுத்தவர் பழைய சுண்ணாம்பைச் செதுக்கவில்லை. அங்கங்கே இரண்டு கொத்து விட்டு, சிமெண்டுப் பால் தெளித்து, அதன் மேலேயே அப்பினார். மணல் எங்கிருந்து வந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. பத்தே நாளில் வேலை முடிந்தது. சுவர் சிலேட்டுப் பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. அம்மாவுக்கு நல்லது செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு ரயில் ஏறினேன்.

அம்மா நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, நன்றாயில்லை என்றும் சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வருஷம் சிமெண்டு முடிகிற இடத்துக்கு மேலே, அதுவரையில் காய்ந்து கிடந்த நல்ல சுவரில், ஈரம் தெரிந்தது. அப்பா காலத்தில் முழங்கால் உயரத்தோடு நின்றிருந்த ஓதம் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் ஒரு புதிய மருந்து வாங்கிப் போவேன். டப்பாவில் வருகிற ரப்பர் வர்ணம், தண்ணீர் விடாத பவுடர், இன்னும் ஏதேதோ. கடைக்காரர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். சுவர் ஒவ்வொன்றையும் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பளம் அப்பளமாகக் கழற்றிப் போட்டது.

கடைசியில் அம்மாவே ஓர் ஆளைப் பிடித்தாள். திருமலைராயன்பட்டினத்துக் கொத்தனார். தரங்கம்பாடியில் பழைய டேனிஷ் கட்டடங்களைப் பழுது பார்த்த காலத்தில் அங்கே சுண்ணாம்பு வேலை செய்தவர். வந்தவர் எதுவும் பேசாமல் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றினார். வைத்தியர் முதுகில் தட்டிப் பார்ப்பாரே, அதே தோரணை. பாதி இடத்தில் பானையைத் தட்டினாற்போலச் சத்தம் வந்தது.

"இந்தச் சிமெண்டு யாரு போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன்."

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்றார். அது பாராட்டு அல்ல என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "தண்ணி கீழேருந்து ஏறும் தம்பி. பக்கவாட்டில் வெளியே போக வழியிருந்தா முழங்காலோட போயிடும். நீங்க ரெண்டு பக்கமும் கதவைச் சாத்திட்டீங்க. அது மாடிப்படி தேடி மேலே போயிருக்குது."

எனக்குச் சுலபத்தில் நம்பிக்கை வரவில்லை. சிமெண்டைவிடச் சுண்ணாம்பு மெத்தென்றது. மெத்தென்றதை எடுத்துக் கடலுக்கு எதிரே வைப்பதாவது? நான் வாதாடியதைக் கேட்டுவிட்டு அவர், "நாளைக்கு பஸ்ஸுக்கு வாங்க, காட்டறேன்" என்றார்.

தரங்கம்பாடிக் கோட்டையை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845-ல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். போகிறவர்கள் எல்லாரும் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்ப்பார்கள். நானும் அதையே செய்தவன். கொத்தனார் என்னை மேலே விடவில்லை. கீழ்க்கட்டுக்கு அழைத்துப் போனார். வில்வளைவுக் கூரை போட்ட அறைகள். சரக்கு அடுக்கவும் கைதிகளை அடைக்கவும் வைத்திருந்தவை. கைதிகளை வைத்த இடத்தில் என்னை நிறுத்தி, சுவரில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். "இங்கேயும் உப்பு வரும். வந்தா பெருக்கித் தள்ளுவாங்க. பூச்சு செத்தா புதுப் பூச்சு போடுவாங்க. கல்லு சாகாது. பூச்சு இருக்கறதே சாகறதுக்குத்தான்."

திரும்புகிற வழியில் ஒரு தெருவில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றைக் காட்டினார். சுண்ணாம்புச் சுவரில் யாரோ பழுது பார்ப்பதாக நினைத்துச் சிமெண்டில் ஓர் ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டு அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த செங்கல் எல்லாம் கரையான் தின்ற புத்தகம் போல அரித்துப் போயிருந்தது. நான் பஸ்ஸில் அதிகம் பேசவில்லை.

அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: அவசரப்படுத்தக் கூடாது. எனக்கும் ஒரு நிபந்தனை இருந்தது: மாசி மகத்துக்குள் முடிய வேண்டும். அன்றைக்குத் திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். தாயார் எங்கள் குலத்துப் பெண் என்பதால் பெருமாள் எங்களுக்கு மாப்பிள்ளை. 'மாப்பிள்ளைசாமி' என்றுதான் ஊரே கூவும். மாப்பிள்ளை வருகிற தினத்தில் மாமியார் வீட்டுச் சுவர் பல்லிளித்துக்கொண்டு நிற்கலாமா என்பது அம்மாவின் கட்சி. கொத்தனார் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, "ஏழு வாரம் இருக்கு. மழையும் விட்டாச்சு. ஆகும்" என்றார்.

முதல் வேலை சுவரில் இல்லை, தெருவோரத்தில். வீட்டை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண்ணைத் தோண்டி, புதைந்து போன பேஸ்மட்டத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். தாத்தாவின் மூன்றாவது படி தெரிந்தது. சிறு வயதில் அதன் மூலையில் விழுந்து நான் மோவாயை உடைத்துக்கொண்டிருக்கிறேன். மூலை அப்படியே கூராக இருந்தது. தோண்டின பள்ளத்தைக் கருங்கல் ஜல்லி போட்டு நிரப்பினார்கள். மண் சுவரைத் தொடாது. ஜல்லி வழியாகக் காற்று போய் வரும்.

பிறகு சிமெண்டை உடைக்க ஆரம்பித்தார்கள். உடைக்க என்று சொன்னால் உளிக்கு வேலை இருந்தது என்று நினைக்கப் போகிறீர்கள். பாதி இடத்தில் உளியை நுழைத்து நெம்பியதும் பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. சிமெண்டுக்கும் பழைய சுண்ணாம்புக்கும் நடுவில், விரல் கனத்துக்கு, மாவு போல உப்பு. பழைய சுண்ணாம்புப் பூச்சு அதற்குள் வெந்து பொடியாகிப் போயிருந்தது. கறுப்புக் கோடு இருக்குமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கோடும் இல்லை, அது இருந்த பூச்சும் இல்லை.

திண்ணைப் பக்கம் வந்தபோது, விழுந்த பலகை ஒன்றைச் சித்தாள் அம்மாள் புரட்டிப் போட்டுவிட்டு, "இதுல என்னமோ கோலம் போட்டிருக்கு" என்றாள்.

கோலம் அல்ல. திண்ணையில் அப்பா சாய்ந்து உட்காரும் இடத்தில், தலைக்குச் சற்று மேலே, தூண்டில் முள்ளால் சுண்ணாம்பில் கீறி ஒரு கணக்கு வைத்திருந்தார். மூன்று வரிசைக் கட்டங்கள். சில கட்டங்களுக்குள் ஒரு கோடு. நான் பையனாக இருந்தபோதும் அந்தச் சுவரில் இந்த மாதிரிக் கணக்குகள் வந்துபோகும். மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், படகுப் பங்கு, இப்படி. கடைசியாக இருந்ததையும் கடன் கணக்கு என்றுதான் நினைத்தேன். 2005-ல் அதன் மேல் சிமெண்டு அப்பியபோது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்பாவின் கடன் அம்மாவின் கண்ணில் பட வேண்டாம் என்றுகூட எண்ணியதாக ஞாபகம். அச்சில் மெழுகு ஊற்றினாற்போல, ஈரச் சிமெண்டு அந்தக் கீறலுக்குள் இறங்கி இறுகியிருக்கிறது. சுண்ணாம்பு போய்விட்டது. அதன் அச்சு மட்டும், இடம் வலமாக மாறி, புடைத்துக்கொண்டு, சிமெண்டின் முதுகில் இருந்தது.

அம்மா புடவைத் தலைப்பால் உப்பைத் துடைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கணக்குத் தெரியும். விரலை வலப்புறத்திலிருந்து இடப்புறமாக ஓட்டிக்கொண்டே போனாள்.

"வியாபாரி கணக்குதானேம்மா?" என்றேன்.

"இது உன் கணக்குடா."

நான் தஞ்சாவூரில் காலேஜில் சேர்ந்தது 1996-ல். மூன்று வருஷப் படிப்பு. இரண்டாம் வருஷம் முடிகிற சமயத்தில், கதை எழுதிப் பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லி விட்டுவிட்டு வந்தேன். அதுவரையில் மாதா மாதம் பட்டினம் தபாலாபீசிலிருந்து அப்பா மணியார்டர் அனுப்புவார். அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து ஒரு கட்டத்தில் ஒரு கோடு கிழிப்பாராம். வரிசைக்குப் பன்னிரண்டு கட்டம், மூன்று வரிசை. பலகையில் நான் எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு கோடு இருந்தது.

"மீதிக் கட்டம்?"

"நீதான் வந்துட்டியே."

சித்தாள் அம்மாளும் கொத்தனாரும் வேறு வேலை இருப்பது போல நகர்ந்துவிட்டார்கள். நான் காலேஜை விட்டு வந்த அன்று அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் பெருந்தன்மை என்று ஒரு கதையில்கூட எழுதியிருக்கிறேன்.

"அப்பா உன்கிட்ட ஏதாவது சொன்னாராம்மா?"

"என்னத்தைச் சொல்றது? மறு வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்ப, இதைப் பூசிடலாமான்னு கேட்டேன். இருக்கட்டும், பையன் திரும்பப் போனாலும் போவான்னாரு. அதுக்கப்புறம் நான் கேக்கலை."

1999 பொங்கலிலிருந்து 2004 வரையில் ஆறு தடவை வெள்ளையடித்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைச் சுற்றி அடித்திருக்கிறார்கள். நான் விடுமுறைக்கு வந்து அதே திண்ணையில் உட்கார்ந்து கதை எழுதியிருக்கிறேன்.

சுவர் வேலை இதற்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் கொத்தனார் கண்ணறைகளை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டச் சொன்னார். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவலாமே என்றேன். "கழுவினா கரைஞ்சு மறுபடி உள்ளேதான் போகும்" என்று தென்னை விளக்குமாற்றால் உலரப் பெருக்கச் சொன்னார். பெருக்கிய உப்பைச் சாக்கில் கட்டித் தூரக் கொண்டு போய்க் கொட்டச் சொன்னார். சுவரடியில் விட்டால் முதல் மழையில் வீடு திரும்பிவிடுமாம். அப்புறம் ஒரு காரியம் செய்தார். களிமண்ணையும் ஊறவைத்த காகிதத்தையும் நல்ல தண்ணீரில் பிசைந்து, விரற்கடை கனத்துக்குச் சுவர் முழுக்க அப்பினார். காகிதத்துக்கு என்னுடைய பழைய கையெழுத்துப் பிரதிகள் ஒரு கட்டுக் கொடுத்தேன். அவை வேறு எதற்கும் பயன்பட்டதில்லை.

அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எனக்கு முட்டிக்குப் பத்துப் போடற மாதிரி போடறாரே" என்றாள். பத்துத்தான். களிமண் காயும்போது சுவரில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு உப்பும் வந்து களிமண்ணில் தங்கும். காய்ந்து வெடித்ததும் உரித்து எறிந்துவிட வேண்டும். இரண்டு தடவை பத்துப் போட்டார். முதல் தடவை உரித்த களிமண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கருவாட்டுப் பானையை நக்கினாற்போல இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. சுவர் எலும்பும் தோலுமாக நின்று காற்று வாங்கிற்று. போகிறவர்களெல்லாம், "பணம் தீர்ந்து போச்சா?" என்று கேட்டார்கள்.

கொல்லையில் மட்டும் வேலை நடந்தது. சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டபோது அது கொதித்து எழுந்த சத்தத்தில் கோழிகள் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டன. நீற்றின சுண்ணாம்பை வடிகட்டித் தண்ணீருக்குள்ளேயே புளிக்க வைத்தார். இன்னொரு தொட்டியில் இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறின. காலேஜில் நான் படித்த இரண்டு வருஷத்தில் ரசாயனமும் உண்டு. கிளிஞ்சலைச் சுட்டால் அதிலிருந்த கரியமிலவாயு வெளியே போகிறது. பூசின பிறகு, அதே வாயுவைக் காற்றிலிருந்து மெள்ள மெள்ள வாங்கிக்கொண்டு மறுபடி கிளிஞ்சலாகவே இறுகுகிறது. இதைக் கொத்தனாரிடம் விளக்கினேன். "அப்படியா? அதனாலதான் நாள் எடுக்குது" என்று ஒப்புக்கொண்டார். இருபத்திரண்டு மணியார்டருக்கு அதுவாவது பிரயோசனப்பட்டதே என்று இருந்தது.

கலவைக்குச் சுண்ணாம்பு ஒரு சட்டி, கழுவின ஆற்று மணல் இரண்டு சட்டி, செங்கல் பொடி ஒரு சட்டி. செங்கல் பொடி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகுமாம். எங்கள் கிணற்றில் வாளியை விட அவர் அனுமதிக்கவில்லை. ஒவ்வொரு குடமும் நல்ல தண்ணீர் விலைக்கு வாங்கினது. கடற்கரையில் மணலும் கிணற்றில் தண்ணீரும் இலவசமாகக் கிடக்க, இரண்டையும் காசு கொடுத்து வாங்குகிறானே என்று ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு. மூன்று பூச்சு; ஒவ்வொன்றுக்கும் நடுவே பல நாள் இடைவெளி; ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயில் படாமல் காப்பது என் பொறுப்பு. செட்டிநாட்டு வீடுகளில் போல முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைக்கலாமே என்று ஆசைப்பட்டுக் கேட்டேன். "சாகப் போற பூச்சுக்கு எதுக்குத் தம்பி அலங்காரம்?" என்று மணியாசுக் கட்டையால் ஒரு தேய்ப்புத் தேய்த்து விட்டுவிட்டார். மேலே நீர்த்த சுண்ணாம்பு வெள்ளை. வர்ணம் ஏதும் கூடாது என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். டப்பா வாங்குகிறவன் என்று அம்மா சொல்லி வைத்திருப்பாள்.

அந்தப் பலகையை என்ன செய்வது என்ற பிரச்னை இருந்தது. திண்ணையில் பழைய இடத்திலேயே பதித்துவிடலாம் என்று எனக்கு யோசனை. கொத்தனார் தயங்கினார். அம்மா தயங்கவில்லை.

"அதுல உப்பு இருக்குமில்ல?"

"நெறைய இருக்கும்" என்றார் கொத்தனார்.

"அப்ப புதுச் சுவத்துல வைக்காதே. கெணத்தடியில போடு. அங்கே கால் வழுக்குது."

நான்தான் தூக்கிப் போய்ப் போட்டேன். சிலேட்டு மாதிரி வழவழப்பாக நான் பூசச் சொன்ன பக்கம் மேலே இருந்தது. அம்மா வந்து பார்த்து, "திருப்பிப் போடுடா. கோடு இருக்கற பக்கம் மேலே இருந்தாத்தான் வழுக்காது" என்றாள். திருப்பிப் போட்டேன்.

மாசி மகத்தன்று மாப்பிள்ளைசாமி வந்தார். பட்டுத் துண்டோடு ஓடுகிறவர்களும் கூவுகிறவர்களுமாகத் தெரு நிறைந்து போயிற்று. எங்கள் வெள்ளைச் சுவரில் யார் யாரோ சாய்ந்து, முதுகெல்லாம் சுண்ணாம்பாகப் போனார்கள். அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை.

ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்குப் போனபோது ஊரிலும் இரண்டு நாள் இருந்தேன். திண்ணைச் சுவரில் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாகப் பூத்திருந்தது. எனக்கு நெஞ்சு பதறிற்று. கொத்தனாருக்கு டெலிபோன் செய்தேன். "எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே என்றேன். "அப்ப சரி. வெளியே வருதில்ல" என்றார். பூச்சு ஏழெட்டு வருஷம் தாங்கும் என்றும், அப்போது தான் இருக்க மாட்டார், தங்கை மகனுக்குக் கலவை சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னார்.

நான் பேசி முடிப்பதற்குள் அம்மா விளக்குமாற்றோடு வந்து, "தள்ளி உக்காரு" என்றாள்.